பறவை வேட்டைக்குச் சிறந்த செற்றர் எது?

செற்றர் என்னும் ஆங்கிலப் பெயரே அந்த நாயின் தொழிலைச் சொல்லிவிடுகிறது. பறவை மறைந்திருக்கும் இடத்தை மோப்பத்தால் அறிந்ததும், மேலே ஓர் அடியும் வைக்காமல், நிலத்தோடு நிலமாய்ப் பதுங்கி அமர்ந்துவிடும் நாய் என்பதே அதன் பொருள். வேட்டையில் துவக்கு இடம்பெறுவதற்கு முன்னர் ஐரோப்பாவிலே கவுதாரிகளை வலைகொண்டே பிடித்தார்கள். நாய் நிமிர்ந்து நின்றால் வலையை இழுப்பதற்கு அதுவே தடையாகும். ஆகவே அதனைப் படுக்கப் பழக்கினார்கள். வேட்டைக்காரர்கள் வலையை விரித்து, படுத்திருக்கும் நாயின் மேலாகவே இழுத்துச் சென்று, அதற்கு அப்பால் ஒடுங்கியிருக்கும் பறவைக் கூட்டத்தை மூடிவிடுவார்கள். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் வாழ்ந்த யோன் கேயஸ் என்ற மருத்துவர், பிரித்தானிய நாய்களைப் பற்றி 1570ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில், இந்த வலைவேட்டையையும் இந்த நாயையும் விவரித்திருக்கிறார்.

வலை போய்த் துவக்கு வந்த பின்னரும் நாயின் கடமை அதிகம் மாறவில்லை. வேட்டைக்காரர் காற்றுக்கு எதிராக நடக்கிறார். நாய் அவருக்கு முன்னே இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடி நிலத்தைத் துழாவுகிறது. மூக்கை மண்ணிலே வைத்துக் காலடியைத் தேடிச் செல்வது இதன் வழக்கமன்று. தலையை உயர்த்தியபடி, காற்றோடு வரும் பறவையின் உடல்வாடையைப் பிடிக்கிறது. பிடித்த அக்கணமே சிலையாகி விடுகிறது. வேட்டைக்காரர் வந்து சேரும்வரையும், பறவை எழும்பி வெடி தீரும்வரையும் அது அசையலாகாது. உடன் வந்த மற்ற நாய்க்கு வாடை எட்டாமற் போனாலும், முன்னே நிற்கும் நாயைக் கண்டதும் அதுவும் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

இவையெல்லாம் பயிற்சியால் மட்டும் வருவன அல்ல. நல்ல கால்வழியிற் பிறந்த குட்டி, சில மாதங்கள்கூட நிறையாத பருவத்திலே, எவரும் கற்பிக்காமலே, முற்றத்தில் மேயும் சிட்டுக்குருவியைக் கண்டு ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நிற்கும். இரத்தத்தில் அந்த இயல்பு இருந்தால் பயிற்சி அதனைச் செம்மைப்படுத்தும்; இல்லையேல் எத்தனை கெட்டிக்காரப் பயிற்சியாளராலும் அதனை உண்டாக்க முடியாது. செற்றர் வளர்ப்போர் கால்வழியைப் பற்றி ஓயாது வழக்காடுவதற்குக் காரணம் இதுவே.

பிரித்தானியத் தீவுகளில் இந்த நாய் மூன்று நாட்டில் மூன்று விதமாக உருப்பெற்றது. ஸ்கொத்லாந்தின் கோடன் செற்றர் கரிய உடலும் செம்பழுப்புப் புள்ளிகளும் கொண்டது. மொறே பகுதியிலுள்ள கோடன் மாளிகையில் நான்காம் கோடன் கோமகன் (1743–1827) இவ்வினத்தைப் பேணினார் என்பதால் வந்த பெயர் அது. வேடிக்கை என்னவெனில், அவருடைய பட்டியில் இருந்த நாய்களிற் பல, வெள்ளையும் கலந்த மூவண்ண நாய்கள். கறுப்பே தூய நிறம் என்ற விதி பிற்காலத்தவர் செய்தது. கோடன் பாரமான எலும்புள்ளது, வேகம் குறைந்தது, ஆனால் நாள் முழுவதும் ஒரே சீராக உழைக்கும். ஒரு மூலையையும் தேடாமல் விடாது. எசமான் ஒருவரையே பற்றி நிற்கும் இயல்பும் அதற்கு உண்டு. ஒரே ஒரு குறை: கரும்பழுப்பு நிறப் புதர்வெளியில் அது அசையாமல் நின்றுவிட்டால், நாயைத் தேடுவது பறவையைத் தேடுவதைவிடக் கடினமாகிவிடும்!

அயர்லாந்தின் நிலம் வேறு. சதுப்பும் கரடும் நிறைந்த அந்த வெளிகளில் பறவைகள் அருகியே இருந்தன. ஒரு கூட்டத்தைக் காண நெடுந்தூரம் ஓடவேண்டும். ஆகவே அங்கே வேகமும் மூச்சுறுதியும் கொண்ட, நீண்ட கால்களையுடைய நாய் நிலைத்தது. ஆதியில் அயர்லாந்துச் செற்றர்களிற் பெரும்பாலானவை வெண்மையும் செம்மையும் கலந்தவை. முழுச் சிவப்பு நாய்மேல் மக்களுக்கு மோகம் பிறந்தது 19ஆம் நூற்றாண்டிலேதான். அந்த மோகத்தால் விளைந்த கேட்டைப் பின்னர் பார்ப்போம்.

இங்கிலாந்துச் செற்றரோ வெள்ளை உடலில் நீலக் கறுப்பு, எலுமிச்சை, செம்மஞ்சள் முதலான நிறங்கள் பொட்டுப் பொட்டாகத் தெளித்தது போன்ற தோற்றமுடையது. கால்வழிச் சண்டை மிகக் கடுமையாக மூண்டது இதனைச் சுற்றித்தான்.

அதற்கு முன் இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்வது நன்று. 1859ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூகாசில் நகரிலே நடந்த நாய்க் கண்காட்சியே, முறைப்படி நடந்த முதலாவது கண்காட்சி எனக் கொள்ளப்படுகிறது. பொயின்ரர், செற்றர் என்னும் இரு வகைக்கு மட்டுமே அங்கே இடம். பரிசு, துவக்கு. ஆனால் ஒரு பறவையைக்கூடக் கண்டுபிடிக்காமல், நின்ற நிலையில் அழகைக் காட்டியே ஒரு நாய் அந்தத் துவக்கை வென்றுவிடலாம். இது சரியன்று என்று எண்ணியவர்கள் 1865இல் பெட்போட்சயர் மாவட்டத்து சவுத்ஹில் என்னும் இடத்தில் முதலாவது களப்பரீட்சையை நடத்தினர். அன்றிலிருந்து செற்றரின் வரலாறு இரண்டு பாதைகளாகப் பிரிந்தது: ஒன்று கண்காட்சி மேடைக்குப் போவது, மற்றது வயலுக்குப் போவது.

எட்வேட் லவராக் என்னும் ஆங்கிலேயர் 1825இல் கார்லைல் நகரத்துப் பாதிரியார் ஒருவரிடமிருந்து பொன்ரோ என்ற கடுவன் நாயையும் மோல் என்ற பெட்டையையும் வாங்கினார். அந்த இரண்டின் சந்ததியையே தமக்குள் மீண்டும் மீண்டும் இணைத்து, அரை நூற்றாண்டு காலம் தாம் நாய் வளர்த்ததாகவும், வெளிக்குருதி ஒரு துளியும் கலக்கவில்லை என்றும் அவர் கூறினார். இதனை அக்காலத்திலேயே ஐயுற்றவர்கள் பலர். இத்தனை தலைமுறை நெருங்கிய உறவுக்குள் இணைத்தால், நாய் நலிந்து மலடாகாமல் இருப்பது அரிது என்பது ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் எந்தக் கமக்காரனுக்கும் தெரிந்த விஷயம். அவர் சொன்னது முழுவதும் உண்மையோ அல்லவோ, அவருடைய நாய்கள் கண்ணுக்கு மிக அழகாயிருந்தன என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. இன்று கண்காட்சிகளில் நாம் காணும் இங்கிலாந்துச் செற்றரின் உருவம் பெரும்பாலும் லவராக் தந்தது.

1872இல் அவர் செற்றரைப் பற்றி எழுதிய நூலை றிச்சாட் பேசல் லுவெலின் என்னும் கனவானுக்குக் காணிக்கையாக்கினார். அந்த லுவெலினே அவருடைய கால்வழியை உடைக்கப் போகிறவர்! லுவெலின் முதலில் கறுப்பு நாய்களை வைத்துப் பார்த்தார். பின்பு அயர்லாந்துச் சிவப்பை வைத்துப் பார்த்தார். பின்பு லவராக்கின் நாய்களை வாங்கினார். அழகில் மனநிறைவு கொண்டவர், களத்தில் மனநிறைவு கொள்ளவில்லை. வட இங்கிலாந்தின் வேட்டைப் பட்டிகளில் டியூக், ரீபி என்னும் இரு நாய்களின் வழிவந்த முரட்டு உழைப்பாளிகள் இருந்தன. அவற்றின் மகனான டான் என்ற பெரிய நாயை 1871இல் வாங்கி, லவராக் பெட்டைகளுடன் இணைத்தார். இந்தக் கலப்பில் பிறந்த குட்டிகள் களப்பரீட்சைகளில் பேர்பெற்றன. அவற்றை ஏராளமாக வாங்கியவர்கள் அமெரிக்கர்கள். லுவெலின் செற்றர் என்ற பெயரும் அங்கேதான் நிலைபெற்றது.

அமெரிக்காவிலே அதற்கு முன் செற்றர் இல்லாமலில்லை. குடியேறியவர்கள் கொண்டுவந்த நாய்களின் வழியாக, ஊருக்கு ஊர் ஒவ்வொரு கால்வழி இருந்தது. வம்சாவளிப் பத்திரம் இல்லாதவை. ஆயினும் அந்த மண்ணின் காடையை நன்கு அறிந்தவை. இறக்குமதி நாய்களை வாங்கியோர் இவற்றை நாட்டு நாய்கள் என்று இகழ்ந்தார்கள். தெனசி மாநிலத்துக் கம்பெல் சகோதரர்கள் அந்த இகழ்ச்சியைப் பொறுக்கவில்லை. தங்களுடைய ஜோ ஜூனியர் என்ற நாயைப் போட்டிக்கு நிறுத்தினர். எதிர்த்து நின்றது மெம்பிஸ் நகரத்துப் பிறைசனுடைய கிளாட்ஸ்டன். லுவெலினின் டான் பெற்ற மகன். அன்று அந்நாட்டில் மிகப் புகழ்பெற்ற செற்றர்.

1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், அலபாமா மாநிலத்துப் புளோரன்ஸ் ஊருக்கு அருகே, இரண்டு நாட்கள் போட்டி நடந்தது. வேகத்துக்கும் அழகுக்கும் புள்ளி இல்லை. எந்த நாய் அதிக தடவை காடையைக் கண்டு நிற்கிறதோ அதுவே வென்றது. முடிவில் ஜோ ஜூனியருக்கு 61, கிளாட்ஸ்டனுக்கு 52.

தோற்றது பிரபுக் குலம். வென்றதோ கலப்பு நாய். ஜோ ஜூனியரின் தாய் கம்பெல் வீட்டு நாட்டுப் பெட்டை. தந்தை எல்க்கோ என்னும் அயர்லாந்துச் சிவப்பு நாய். இந்த முடிவைக் கண்ட வேட்டைக்காரர்கள் நாட்டு நாயைத் தேடி ஓடியிருக்க வேண்டுமல்லவா? நடந்தது அதற்கு நேர்மாறு. லுவெலின் மோகம் மேலும் ஓங்கியது. அச்சிட்ட வம்சாவளி, கப்பலேறி வந்த பெருமை, பத்திரிகைகளின் புகழுரை ஆகியவற்றின் முன்னே அந்த ஒன்பது புள்ளிகள் எடுபடவில்லை. கிளாட்ஸ்டனின் சந்ததி நாடெங்கும் பரவியது. கம்பெல் குலம் போன்ற பழைய கால்வழிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறைந்தன.

நியாயமாகச் சொன்னால், லுவெலின் நாய்களும் வெறும் பெயரளவில் சிறந்தவை அல்ல. 1880இல் அமெரிக்காவுக்கு வந்த கவுண்ட் நோபிள் என்ற நாய் அதற்குச் சான்று. 1891இல் அது இறந்தபோது அதன் தோலைப் பாடம் செய்து, பிற்ஸ்பேர்க் நகரத்துக் கார்னகி அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அதன் மகனான நான்காம் கவுண்ட் கிளாட்ஸ்டன், 1896இல் முதன்முதலாக நடந்த அமெரிக்கத் தேசிய பறவைநாய்ப் போட்டியில் வென்றது. சியூ என்ற பெட்டைச் செற்றர் 1901, 1902 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது.

இந்தத் தேசியப் போட்டியைப் பற்றி ஒரு சொல். தெனசியில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரின் அருகேயுள்ள எயிம்ஸ் தோட்டத்தில் இது நெடுங்காலமாக நடைபெறுகிறது. இரண்டிரண்டாக விடப்படும் நாய்கள் மூன்று மணி நேரம் இடைவிடாது ஓடவேண்டும். நடுவர்களும் பயிற்சியாளரும் பார்வையாளரும் குதிரையில் பின்தொடர்கிறார்கள். குதிரையில் வருவோருக்கு ஏற்ற நாய் எது? அடிவானம் வரையும் பாய்ந்தோடி, தொலைவிலே காடையைக் கண்டு, வாலைச் செங்குத்தாக நிமிர்த்தியபடி நிற்கும் நாய். பல தலைமுறை அத்தகைய நாயையே தெரிந்தெடுத்தபோது, செற்றரின் உருவமே சிறுத்து இலேசானது. பிரித்தானியாவில் இன்றும் வாலைத் தாழ்த்தி, உடலைக் குனித்து, பூனைபோல் நிற்கும் செற்றரைக் காணலாம். அமெரிக்கக் களத்துச் செற்றர் நிமிர்ந்து நிற்கிறது. ஆடவர் தொப்பிகளைப் போல நாயின் வாலுக்கும் நாட்டுக்கு நாடு மோஸ்தர் உண்டுபோலும்.

ஆனால் பென்சில்வேனியா மலைக்காட்டிலே, தம் இரு காலால் நடந்து வேட்டையாடும் ஒரு மனிதருக்கு அந்த நாய் எதற்கு உதவும்? அங்கே வாழ்வது குரௌஸ் என்ற காட்டுப் பறவை. நம் காட்டுக்கோழியைப் போல அடர்ந்த பற்றைக்குள் ஒளிந்து, சிறு அரவம் கேட்டாலும் எழும்பிவிடுவது. நம் உள்ளானுக்கு உறவான வுட்கொக் என்ற பறவையும் அங்கே உண்டு. இக்காட்டில் நாய் கண்ணுக்கெட்டும் தூரத்தைத் தாண்டிப் போனால், அது பறவையைக் கண்டு நின்றும் பயனில்லை. இதனை உணர்ந்த ஜோர்ஜ் றைமன் என்பவர், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கண்காட்சிக் குலத்தின் பெரிய உடலையும் களத்து நாய்களின் மூக்கையும் ஒன்றாக இணைக்க முயன்றார். றைமன் செற்றர் நிதானமாக நடப்பது. அடிக்கடி திரும்பி எசமானைப் பார்ப்பது. பறவையை நெருக்காமல் எட்டவே நிற்பது. மேற்கு வேர்ஜீனியாவில் வாழ்ந்த ஓவியரும் எழுத்தாளருமான ஜோர்ஜ் பேர்ட் எவன்ஸ் (1906–1998) இதே நோக்கத்துடன் பழைய ஹெம்லொக் என்ற தம் வீட்டின் பெயரால் ஒரு கால்வழியை வளர்த்தார். குதிரைப் போட்டிக்காரர்கள் இந்நாய்களை மந்தமானவை என்பார்கள். மலைக்காட்டில் நடப்பவர்களோ பந்தய நாயைக் கட்டுக்கடங்காதது என்பார்கள். இருசாராரும் தத்தம் நிலத்தில் நின்று பேசுகிறார்கள். அவரவர் நிலத்தில் இருவரும் சரி.

சிவப்புச் செற்றரின் கதையோ வேறு. முழுச் சிவப்பே சிறந்தது என்ற மோகம் அயர்லாந்தில் பரவியபோது, வெண்சிவப்பு நாய்களைப் பேணுவார் அற்றுப்போயினர். முதலாம் உலகப் போரின் முடிவில் அவை அழியும் தறுவாயில் இருந்தன. 1920களில் டவுன் மாவட்டத்துப் பாதிரியாரான நோபிள் ஹியூஸ்ரன் அங்குமிங்கும் எஞ்சியிருந்தவற்றைத் தேடிச் சேர்த்து இனத்தைக் காத்தார். அவர் எடுத்த சிரமத்தால்தான் இன்று அது தனி இனமாக நிற்கிறது.

முழுச் சிவப்பு நாய்க்கு வந்த ஆபத்து, அழிவன்று, புகழ். அந்தப் பளபளக்கும் உரோமத்துக்காகவே கண்காட்சிக்காரர்கள் அதனைக் கையில் எடுத்தார்கள். உரோமம் நீண்டது; உடல் உயர்ந்தது; தலை குறுகியது; பறவையைக் கண்டால் நிற்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மங்கிற்று. நெருங்கிய உறவு இணைப்பால் நோயும் புகுந்தது. 1940களில் பிரித்தானியாவின் சிவப்புச் செற்றர்களிடையே பரம்பரைக் குருட்டு நோய் பரவி, அதனை ஒழிக்க வளர்ப்போர் பெரும்பாடு பட்டனர். அதற்குக் காரணமான மரபணுப் பிழை 1993இல் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் 1962இல் வோல்ட் டிஸ்னி நிறுவனம் சிவப்புச் செற்றர் ஒன்றைக் கதாநாயகனாக வைத்துப் படமெடுத்தது. 1969இல் சனாதிபதி நிக்சனின் வீட்டுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. 1970களில் அந்நாட்டில் மிக விரும்பப்பட்ட நாய்களுள் அதுவும் ஒன்று. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதனை ஒரு வயல்வெளியில் அவிழ்த்துவிட்டிருப்பார்கள்? நாளெல்லாம் ஓடப் பிறந்த நாயை அறைக்குள் அடைத்துவிட்டு, அது தளபாடத்தைக் கடிக்கிறது என்று குறைகூறியவர்களே அதிகம்.

இந்தச் சரிவைக் கண்டு பொறாத பென்சில்வேனியா வேட்டைக்காரரான லகிரான்ஜ் என்பவரும் அவருடைய நண்பர்களும், 1950களில் துணிவான காரியம் ஒன்றைச் செய்தார்கள். வேட்டைக்குணம் எஞ்சியிருந்த சிவப்பு நாய்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றுட் சிலவற்றைக் களத்தில் வென்ற இங்கிலாந்துச் செற்றர் ஒன்றுடன் வெளிப்படையாகவே இணைத்தார்கள். பின்பு பிறந்த குட்டிகளை மீண்டும் மீண்டும் சிவப்பு நாய்களுடன் இணைத்து நிறத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கண்காட்சிக்காரர்கள் கொதித்தெழுந்தனர். கலப்புக் குருதியுள்ள நாயை அயர்லாந்துச் செற்றர் என்று அழைக்கலாமா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. அந்த நாய்களை வைத்திருப்போர், இப்பொழுது வெறுமனே ‘சிவப்புச் செற்றர்’ என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், பறவையைக் கண்டு நிற்கும் கலப்பு நாய், பறவையைக் கண்டும் காணாததுபோல் போகும் தூய நாயைவிட, அயர்லாந்தின் பழைய செற்றருக்கு நெருங்கிய உறவு. ஜோ ஜூனியரும் பாதிச் சிவப்புத்தானே!

கோடன் செற்றர் இத்தகைய புகழ்வெள்ளத்தில் அகப்படவில்லை. கறுப்பு நிறமும் நிதான நடையும் நாகரிகக்காரரை ஈர்க்கவில்லை. அதனால் கண்காட்சி நாய்க்கும் களத்து நாய்க்கும் இடையிலுள்ள பிளவு, மற்றைய செற்றர்களில் உள்ளதைவிட இதில் குறைவு. மேடையில் வென்ற கோடனைப் பிற்பகலில் வயலுக்கு அழைத்துச் சென்றால், அது முழு வெட்கக்கேட்டையும் தராது என்று நம்பலாம்.

ஆகவே குட்டி வாங்கப் போகிறவர் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. லுவெலின் என்ற சொல்லை வைத்தே விலையை உயர்த்தும் வியாபாரிகள் உண்டு. லுவெலினைத் தனிக் கால்வழியாகப் பதிவு செய்யும் அமெரிக்கக் களநாய்ப் பதிவேட்டில் குட்டியின் பெற்றோர் இருவரும் அப்பெயரிலேயே உள்ளனரா என்று பார்க்கலாம். அதைவிட மேலானது, தாய் நாயை வயலில் அவிழ்த்துவிடச் சொல்லிப் பார்ப்பது. எவ்வளவு தூரம் ஓடுகிறது, காற்றை எவ்வாறு பயன்படுத்துகிறது, பறவையை எத்தனை அடி தொலைவில் வைத்து நிற்கிறது, மற்ற நாய் நின்றால் தானும் நிற்கிறதா — ஒரு மணி நேரத்தில் இவையெல்லாம் தெரிந்துவிடும். விற்பவர் தாயைக் காட்டாமல் கிண்ணங்களையும் பதக்கங்களையும் காட்டினால், பணத்தை மடியிலேயே வைத்திருப்பது உத்தமம்.

இத்தனைக்கும் நடுவில், செற்றர்களின் பொதுப் பகைவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பொயின்ரர். குட்டை உரோமமுள்ள இந்த நாய்க்கு வெப்பம் அதிகம் தெரிவதில்லை. நாயுருவிபோல் ஒட்டும் முள்விதைகள் அதன் தோலில் தங்குவதில்லை. பயிற்சிக்கும் விரைவில் வந்துவிடும். தேசியப் போட்டியில் 1909இல் மனிற்றோபா றப் என்ற பொயின்ரர் முதன்முதலாக வென்ற பின்னர், செற்றரின் ஆட்சி படிப்படியாகச் சரிந்தது. இடையிடையே சில செற்றர்கள் தலைதூக்கின. 1970இல் ஜொனி குரொக்கெற் வென்றது. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு செற்றரும் வெல்லவில்லை. இனிச் செற்றருக்கு அங்கே இடமில்லை என்று பலர் முடிவுகட்டியிருந்த வேளையில், 2013இல் ஷடோ ஓக் போ என்ற இங்கிலாந்துச் செற்றர் அந்த மூன்று மணி நேரத்தையும் ஓடி முடித்து வென்றது. 2014இலும் வென்றது அதே நாய்தான்.